ஆசிரியர்களுக்கு 90 நிமிட மாதிரி அகழாய்வுப் பயிலரங்கு: மணல் பெட்டியை எப்படி அமைப்பது?

தொல்வகுப்பு (கேள்வி)

வணக்கம். தொல்லியல் கல்வியும் மக்கள் தொடர்பும் என்ற பொருளில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் கருத்தரங்கில், பள்ளி ஆசிரியர்களுக்கான செய்முறைப் பயிலரங்கு எங்கள் குழுவின் பொறுப்பு. 24 பேர், 90 நிமிடம், தரைவிரிப்பு போட்ட உள்ளரங்கு. ஆசிரியர்கள் இதைக் கற்றுக்கொண்டு போய் 11 முதல் 14 வயது மாணவர்களுக்கு நடத்த வேண்டும்.

இப்போதைய திட்டம் இது: 60 × 40 செ.மீ. அளவில், 30 செ.மீ. உயரமுள்ள நான்கு பிளாஸ்டிக் பெட்டிகளில் மணல் நிரப்பி, பானை ஓடு, மணி, நாணய நகல் ஆகியவற்றைப் புதைத்து வைப்பது. பெட்டிக்கு ஆறு பேர். எங்கள் கவலை, இது புதையல் வேட்டையாக முடிந்துவிடக் கூடாது என்பதுதான். மண்ணடுக்கு என்றால் என்ன, ஒரு பொருள் கிடைத்த இடத்தை ஏன் எழுதி வைக்கிறோம் என்ற இரண்டும் அவர்கள் மனத்தில் நிற்க வேண்டும்.

எத்தனை அடுக்கு வைக்கலாம்? ஈரம் எவ்வளவு? எத்தனை பொருள்? நேரத்தை எப்படிப் பிரிப்பது? கருத்தரங்கு முடிந்த பிறகு இதற்குப் பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மண்சுவர்

முதலில் எடையைப் பாருங்கள். 60 × 40 பெட்டியில் 18 செ.மீ. நிரப்பினாலே 43 லிட்டர். ஈர மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். ஆக ஒரு பெட்டி 65 முதல் 70 கிலோ. மடக்கு மேசை இதைத் தாங்காது, பெட்டியின் பக்கச் சுவர்களும் வெளியே பிதுங்கும். எனவே அடியில் 6 செ.மீ. கனத்துக்குத் தெர்மோகோல் பலகை போட்டு, அதன் மேல் 12 செ.மீ. மட்டும் மண் நிரப்புங்கள். 29 லிட்டர், ஏறத்தாழ 45 கிலோ. அப்போதும் பெட்டி தரையில்தான் இருக்க வேண்டும். நிரப்பிவிட்டு நகர்த்தாதீர்கள். தூக்கும்போது பெட்டி வளைந்தால் அடுக்குகளில் வெடிப்பு விழும். தரைவிரிப்பின் மேல் பெட்டியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அவசியம்.

அடுக்கு மூன்று போதும், ஒவ்வொன்றும் 4 செ.மீ. நிறம் மட்டும் மாறினால் போதாது. விரலால் தேய்த்தால் வேறுபாடு தெரிய வேண்டும், ஏனென்றால் களத்தில் பாதி நேரம் அடுக்கு மாறுவதைக் கைதான் முதலில் உணரும். கீழிருந்து மேலாக:

அடுக்கு 3: கழுவிய வெறும் மணல்.
அடுக்கு 2: மணல் 3 பங்கு, சலித்த கரிய தோட்ட மண் 1 பங்கு.
அடுக்கு 1: மணல் 4 பங்கு, செங்கல் பொடி 1 பங்கு.

ஈரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 10 லிட்டர் மணலுக்கு அரை லிட்டர் தண்ணீரில் தொடங்குங்கள். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. உலர்ந்த மணலில் வெட்டுமுகம், அதாவது தோண்டிய இடத்தின் செங்குத்துப் பக்கம், நிற்காது. மணல் துகள்களைப் பிடித்து வைப்பது அவற்றுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம். அது இல்லையென்றால் சுவர் சரிந்து மூன்று அடுக்கும் ஒன்றாகிவிடும். அதிகமாக நனைத்தாலும் கெடும், கரிய மண்ணின் நிறம் கீழ்மணலில் இறங்கி எல்லைக்கோடு மங்கும். இன்னொன்று, உலர்ந்த நுண்மணல் தூசியில் சிலிக்கா இருக்கும், மூச்சில் போகக் கூடாது. ஈரமாக வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் கொட்டியதும் மரக்கட்டையால் தட்டி இறுக்கிவிட்டுப் பிறகு அடுத்ததைக் கொட்டுங்கள்.

இப்போது மிக முக்கியமானது: ஒரு குழி வையுங்கள். வெறும் மூன்று அடுக்கு என்றால், ஆழத்தில் இருப்பது பழையது என்ற அரைகுறைப் பாடத்தோடு போய்விடுவார்கள். அது பல நேரம் தவறு. அடுக்கு 3, அடுக்கு 2 இரண்டையும் போட்டு இறுக்கிய பிறகு, இரு பக்கமும் திறந்த 15 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பாவைப் பெட்டியின் நடுவில் அடிவரை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கரண்டியால் அள்ளி எடுங்கள். அந்த இடத்தில் தென்னைநார்த் துகளும் மணலும் சரிபாதி கலந்து நிரப்பி, டப்பாவை மெல்லச் சுழற்றி மேலே இழுங்கள். லேசாகத் தட்டிவிட்டு அடுக்கு 1-ஐப் போடுங்கள்.

குழியின் அடியில் ஆண்டு பொறித்த நாணய நகல் ஒன்றை வைத்துவிடுங்கள். அது அடுக்கு 3-இல் உள்ள ஓட்டுக்குச் சமமான ஆழத்தில் கிடைக்கும். ஆனால் குழி வெட்டப்பட்டது அடுக்கு 2 உருவான பிறகு. ஆக நாணயம் அடுக்கு 2-க்கும் பிந்தி அங்கே வந்தது. குழி நிரம்பியது நாணயம் அச்சான ஆண்டுக்கு முன்பாக இருக்க முடியாது, அதை மூடிக் கிடக்கும் அடுக்கு 1-ம் அப்படியே. ஆழம் வேறு, வரிசை வேறு என்பது அந்த இடத்தில் தானாகப் புரியும்.

பெட்டி முழுவதையும் தோண்டவிடாதீர்கள். இடது பாதி, அதாவது 30 × 40 செ.மீ. மட்டும். குழியின் மையம் நடுக்கோட்டில் இருந்தால் பாதிக்குழி அப்படியே வெட்டுமுகத்தில் தெரியும். களத்திலும் குழிகளைப் பாதியாக வெட்டித்தான் முதலில் படிப்பார்கள்.

ஆறு பேருக்கும் வேலை உண்டு. இருவர் தோண்ட, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் சலிக்க, ஒருவர் பையிலிட்டுச் சீட்டு ஒட்ட. 6 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் 36 நிமிடத்தில் எல்லோரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள். மாற்றாவிட்டால் கரண்டி ஒருவர் கையிலேயே தங்கிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆழத்தை மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளக்கும் தவறு கட்டாயம் நடக்கும். தோண்டத் தோண்ட மேற்பரப்பு இறங்கிக்கொண்டே போவதால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. பெட்டியின் விளிம்பில் குறுக்காக நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, எப்போதும் அதன் அடிப்பக்கத்திலிருந்தே அளக்கச் சொல்லுங்கள். இடமிருந்து எவ்வளவு, முன்விளிம்பிலிருந்து எவ்வளவு, சட்டத்திலிருந்து எவ்வளவு என்று பொருளுக்கு மூன்று எண். வரைபடத்தை 1:5 அளவில் போட்டால் பெட்டி 12 × 8 செ.மீ. ஆகும், ஏ4 தாளில் வசதியாக அடங்கும்.

---

ஓட்டுக்குவியல்

மண்சுவர் சொன்ன அமைப்பு சரி. ஆனால் 90 நிமிடத்தில் தோண்டுவதற்கு 40 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். தோண்டுவது அவர்களாகவே ரசிக்கும் பகுதி. நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது அதன் பிறகுதான் வருகிறது. என் பிரிப்பு: அறிமுகமும் பதிவுத்தாள் விளக்கமும் 10, தோண்டல் 40, வெட்டுமுகம் வரைதல் 10, பொருள்களை வைத்து விளக்கம் சொல்லுதல் 20, ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கு மாற்றிக்கொள்வது பற்றிய பேச்சு 10. நேரம் இழுத்தால் தோண்டலில் வெட்டுங்கள். கடைசி 30 நிமிடத்தைத் தொடாதீர்கள்.

பொருள்கள் பாதிப் பெட்டிக்கு 8 முதல் 10 வரை. அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றையும் அளக்கப் பொறுமை இருக்காது, அள்ளிப் போடத் தொடங்கிவிடுவார்கள். எல்லாம் கண்ணைப் பறிக்கும் பொருளாக இருக்கக் கூடாது. கரித்துண்டு, நத்தை ஓடு, உருவமில்லாத களிமண் கட்டி ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். கரித்துண்டைப் பார்த்து ‘இது ஒன்றுமில்லை’ என்று யாராவது வீசப்போகும் அந்தக் கணம் உங்களுக்கு வாய்ப்பு. காலக்கணிப்புக்கு நாணயத்தைவிட அந்தக் கரி உதவக்கூடும் என்று அப்போது சொன்னால் மறக்காது. அதை உடனே விளையாட்டாகவும் காட்டலாம். 100 நாணயங்களைக் குலுக்கிக் கொட்டி, தலை விழுந்தவற்றை நீக்கி, மிச்சத்தை மறுபடி குலுக்க வேண்டும். கரியில் உள்ள கார்பன்-14 என்ற கார்பன் வகை காலம் போகப் போகச் சிதைந்து குறையும், அதை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றும் அது பாதியாகக் குறையும் 5,730 ஆண்டுகள். ஐந்தாம் சுற்றில் ஏறத்தாழ 3 நாணயம் மிஞ்சும், எட்டு ஒன்பது சுற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இந்த முறை ஏன் சுமார் 50,000 ஆண்டுகளோடு நின்றுபோகிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். மேசைக்கு மேசை எண்ணிக்கை கொஞ்சம் மாறும். அதை மறைக்காதீர்கள், காலக்கணிப்பில் ‘கூட்டல் கழித்தல்’ என்று எழுதுவது எதற்காக என்று அதை வைத்தே சொல்லலாம்.

ஓடுகள் விஷயத்தில் ஒரு யோசனை. மெருகிடாத மண்பானையைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி 12 முதல் 15 துண்டாக உடையுங்கள். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். நாலைந்து துண்டுகளை எடுத்து வைத்துவிடுங்கள், எந்தக் குழுவுக்கும் பானை முழுதாகக் கூடக் கூடாது. மிச்சத் துண்டுகளைப் பெட்டி 1-இன் குழியிலும் பெட்டி 3-இன் குழியிலும் பிரித்துப் போடுங்கள். விளக்கம் சொல்லும் நேரத்தில் ஒரு குழுவின் ஓடு இன்னொரு குழுவின் ஓட்டோடு பொருந்தும்போது, இரண்டு குழிகளும் ஒரே காலத்தில் நிரம்பியிருக்கலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பதிவுத்தாளை ஒழுங்காக எழுதாத குழுவால் அந்த ஓடு குழியிலிருந்து வந்ததா, அடுக்கிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. பதிவு எதற்கு என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கடைசிப் பகுதிக்கு உண்மை எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஜெர்மனியின் நெப்ரா வான் தட்டைவிட (வான் உருவங்களைப் பொன்னில் பதித்த வெண்கலத் தட்டு) பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. 1999-இல் மெட்டல் டிடெக்டரோடு திரிந்த இருவர் அனுமதியின்றித் தோண்டி எடுத்தது. தோண்டிய கருவி பட்டுத் தட்டின் விளிம்பு சேதமானது. வெண்கல வாள், கோடரி ஆகியவற்றோடு சேர்த்துக் கள்ளச்சந்தையில் கைமாறி, 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் காவல்துறையிடம் சிக்கியது. தட்டில் ஒட்டியிருந்த மண், தோண்டிய குழி ஆகியவற்றை ஆராய்ந்து இடத்தை உறுதிசெய்ய முயன்றார்கள். உடன் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட வாள்களை வைத்துக் கி.மு. 1600 அளவில் புதைக்கப்பட்டது என்பது பெரும்பாலோர் முடிவு. ஆனால் அந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே குழியில்தான் இருந்தனவா என்று கேட்டு, 2020-இல் இரு ஆய்வாளர்கள் தட்டு அதைவிடப் பிந்தியது என்று வாதிட்டார்கள், மற்றவர்கள் மறுத்தார்கள். முறையாக அகழ்ந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

இதை மூன்று அட்டைகளாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் அட்டையில் தட்டின் படம் மட்டும், இரண்டாவதில் உடன் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பொருள்கள், மூன்றாவதில் அது கைமாறிய கதை. ஒவ்வோர் அட்டைக்கும் பிறகு, ‘இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன?’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது அட்டைக்குப் பிறகு இரண்டாவதில் எழுதியதை அடித்துத் திருத்துவார்கள்.

---

தொல்வகுப்பு

இருவருக்கும் மிக்க நன்றி. குழியும், பெட்டிகளுக்கிடையே ஓடு பொருந்துவதும் நாங்கள் யோசிக்காதவை. இன்னும் இரண்டு கேள்வி. தூரிகை எத்தனை வாங்க வேண்டும்? முப்பரிமாண அச்சில் எடுத்த கற்கோடரி நகல்களைத் தொட்டுப் பார்க்கும் மேசையில் வைக்கலாமா? எலும்புக்கூடு பொம்மை ஒன்று புதைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்.

---

நகல்கூடம்

எலும்புக்கூடு வேண்டாம். மனித உடல் எச்சங்கள் யாரோ ஒருவரின் முன்னோர். அவற்றை வேடிக்கைப் பொருளாகக் கண்டெடுக்கும் பழக்கத்தைப் பதினோரு வயதில் பதியவைத்துவிட்டுப் பிறகு மரியாதை பற்றிப் பேசிப் பயனில்லை. உணவாக உண்ட விலங்கின் எலும்பு என்று சொல்லிக் கொடுக்கப் பிளாஸ்டர் வார்ப்பு போதும்.

டைனோசர் பொம்மையும் கூடாது. தொல்லியலையும் தொல்லுயிரியலையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான பிழை, அதை நாமே வளர்க்கக் கூடாது.

முப்பரிமாண நகல் தாராளமாக வைக்கலாம், ஆனால் எடை ஏமாற்றும். அச்சிடப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன செ.மீ.-க்கு 1.24 கிராம், அதுவும் உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாகத்தான் அச்சாகும். பசால்ட் கல்லின் அடர்த்தி 3-க்கு அருகில். கையில் எடுத்தால் பொம்மை போலக் காற்றாக இருக்கும், ‘இதை வைத்து மரம் வெட்டினார்களா?’ என்று நம்பமாட்டார்கள். அடியில் துளை விட்டு அச்சிட்டு, உள்ளே மணலோ இரும்புத் துகளோ இறுக்கி அடைத்து மூடுங்கள். அசலின் எடை அருங்காட்சியகப் பதிவில் இருந்தால் அதைச் சீட்டில் எழுதுங்கள். அச்சு அடுக்கின் தடிமன் 0.2 மி.மீ. போதும். அதைவிட நுணுக்கமாகப் போனால் அச்சு நேரம்தான் கூடும், கைக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

நீங்களே படமெடுத்து உருவாக்குவதாக இருந்தால், பொருளைச் சுழல்மேசையில் வைத்து 15 பாகைக்கு ஒரு படம், அதாவது சுற்றுக்கு 24. மூன்று உயரங்களில் மூன்று சுற்று. பிறகு பொருளைத் தலைகீழாக்கி மறுபடியும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். பளபளப்பான பொருளும் கண்ணாடியும் சரியாக வராது. ஒளித்தெறிப்பு படத்துக்குப் படம் இடம் மாறுவதால் மென்பொருள் அதைப் பரப்பின் புள்ளி என்று தவறாக எடுத்துக்கொள்ளும்.

நகல் ஒவ்வொன்றிலும் அழியாத மையில் ‘நகல்’ என்று எழுதியே தீர வேண்டும். வகுப்பறை அலமாரியில் பத்தாண்டு கிடந்தால் எது அசல் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஓடு ஒட்டும் வேலைக்குப் பட்டை நாடா அல்லது தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை மட்டும் கொடுங்கள். பாதுகாப்புக் கூடங்களில் பயன்படும் பாரலாய்டு பி-72 நல்ல பசைதான், பின்னாளில் கரைத்துப் பிரிக்கவும் முடியும், ஆனால் அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும். வகுப்பறைக்கு ஆகாது.

---

மண்சுவர்

தூரிகை பெட்டிக்கு ஒன்று, அதுவும் கடைசியில் பொருளைத் துடைக்க மட்டும். ஈர மண்ணில் தூரிகை போட்டால் ஒரு அடுக்கின் நிறத்தை இன்னொன்றின் மேல் பூசிவிடும், தேடும் எல்லைக்கோடே மறைந்துபோகும். படங்களில் எல்லாம் தூரிகையைக் காட்டுவதால் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். கூர்முனைச் சிறு கொத்துக்கரண்டி பெட்டிக்கு இரண்டு கொடுங்கள். குத்தித் தோண்டக் கூடாது, கரண்டியின் விளிம்பைத் தன் பக்கமாக இழுத்துச் சுரண்ட வேண்டும். இதை முதல் 10 நிமிடத்தில் செய்து காட்டிவிடுங்கள்.

சல்லடையில் 5 மி.மீ., 2 மி.மீ. கண் உள்ளவை இரண்டும் வையுங்கள். 3 மி.மீ. மணிகள் இரண்டை மண்ணில் கலந்துவிட்டு முதலில் பெரிய கண்ணில் சலிக்கச் சொல்லுங்கள். பிறகு கீழே விழுந்த மண்ணைச் சிறிய கண்ணில். நமக்குக் கிடைத்த பட்டியலை நம் கருவியும் சேர்ந்துதான் முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

சீட்டுகளைப் பென்சிலில் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை ஈரத்தில் பரவும். பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று.

---

அமர்வுப்பொறுப்பு

கருத்தரங்கின் பக்கத்திலிருந்து சில.

பயிலரங்கை ஒரே ஒரு முறை, கட்டுரை அமர்வுகள் நடக்கும் அதே நேரத்தில் போடாதீர்கள். ஆய்வாளர்கள் கட்டுரை கேட்கப் போய்விடுவார்கள், ஆசிரியர்கள் மட்டும் தனியே ஓர் அறையில் இருப்பார்கள். கருத்தரங்கு கூட்டுவதன் நோக்கமே அங்கே போய்விடும். பெட்டிக்கு ஒரு களத் தொல்லியலாளராவது உட்கார வேண்டும். அவர் தோண்டக் கூடாது, விடை சொல்லவும் கூடாது. ‘அது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பது மட்டுமே அவர் வேலை. பள்ளித் தேர்வு நேரத்தில் தேதி வைத்தால் நீங்கள் எதிர்பார்க்கும் 24 பேரில் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

மற்ற அமர்வுகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் கேட்கும்போது 250 சொல்லோடு நான்கு விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: யாருக்காக, எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம், என்னென்ன பொருள்கள், எது சரியாக நடக்கவில்லை, ஏன். நான்காவது கேள்வியைக் கேட்காவிட்டால் எல்லாக் கட்டுரையும் ‘மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்’ என்றே முடியும். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதையும் செய்ய முடியாது.

பலனை அளப்பது பற்றி. ‘பிடித்திருந்ததா?’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். குழியோடு கூடிய வெட்டுமுகப் படம் ஒன்றை அச்சிட்டு, நான்கு பொருள்களைக் குறித்து, எது முதலில் அங்கே வந்தது, எது கடைசியில் என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பயிலரங்குக்கு முன் ஒருமுறை, முடிந்தபின் வேறொரு படத்தோடு ஒருமுறை. பெயர் வேண்டாம், இரண்டு தாளையும் இணைக்க ஒரு குறியெண் போதும். எட்டு வாரம் கழித்து ஒரே ஒரு செய்தி: வகுப்பில் செய்தீர்களா, எதை மாற்றினீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்? விட்டுவிட்டது எது என்பதில்தான் அதிகம் தெரியவரும். பெரும்பாலும் விட்டுப்போவது வெட்டுமுகம் வரைதல். அதைச் சுலபமாக்க, நூலும் மட்டமும் இல்லாமல் வரைய, கண்ணாடித் தாளை வெட்டுமுகத்தின் முன் நிறுத்தி மார்க்கரால் கோடு எடுக்கும் வழியையும் காட்டிவிடுங்கள். முடிவை எழுதும்போது சதவீதம் போடாதீர்கள், 24 பேரில் எத்தனை பேர் என்று எண்ணாகவே எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் தாளில் இரண்டு எச்சரிக்கை இருக்க வேண்டும். ஒன்று, மாணவர்கள் இதைக் கற்றுக்கொண்டு உண்மையான இடத்தில் போய்த் தோண்டக் கூடாது. தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு, பாதுகாப்பில்லாத இடங்களின் படத்தை இணையத்தில் போடும்போது கைப்பேசிப் படத்திலேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். திருடுகிறவர்களும் அதே படத்தைப் பார்க்கிறார்கள்.

மக்களிடம் கொண்டுசேர்ப்பது ஆய்வாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று உங்கள் ஏற்பாட்டுக் குழுவில் யாராவது சொன்னால், 1992-இன் வலெட்டா உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஐரோப்பிய உடன்படிக்கைதான், ஆனால் பொதுமக்களின் விழிப்புணர்வை வளர்ப்பதை அரசுகளின் கடமையாகவே எழுதியிருக்கிறார்கள். பண்பாட்டு இடங்களை விளக்கிக் காட்டுவதற்கென, நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐகோமாஸ் 2008-இல் ஏற்ற எனாமே சாசனம் ஏழு நெறிகளைச் சொல்கிறது. யாருக்கும் எட்டும்படி இருத்தல், ஆதாரத்தோடு பேசுதல் ஆகியவை அவற்றில் அடங்கும். உங்கள் அறைக்கும் அது பொருந்தும். தரையில் உட்கார முடியாதவர்களுக்காக ஒரு பெட்டியையாவது உறுதியான தாழ்ந்த மேடை மேல் அமைத்து வையுங்கள்.

---

தொல்வகுப்பு

எலும்புக்கூட்டைக் கைவிட்டுவிட்டோம். பயிலரங்கை இரண்டு நாளும் ஒவ்வொரு முறை நடத்தக் கேட்டிருக்கிறோம். ஒரே பெட்டியை மறுநாளுக்கு மீண்டும் அமைக்க முடியுமா, புது மண் வேண்டுமா?

---

மண்சுவர்

தோண்டிய மண்ணை அடுக்குவாரியாகத் தனித்தனி வாளியில் போட்டிருந்தால் முடியும். பெட்டிக்கு நான்கு வாளி, ஒவ்வொன்றிலும் எண்: 1, 2, 3, குழி. ஆனாலும் கலப்பு இருக்கும். ஆகவே குழிமண்ணையும் அடுக்கு 2-ஐயும் இன்னும் ஒரு முறைக்குப் போதுமான அளவு கூடுதலாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கெட்டுப்போனவற்றை அடுக்கு 1-இல் செங்கல் பொடி கூட்டிச் சேர்த்துவிடலாம். தோண்டாத வலது பாதியை நம்பாதீர்கள், ஓர் இரவில் வெட்டுமுகம் காய்ந்து உதிரும். முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து அடுக்குங்கள், இருவர் சேர்ந்தால் பெட்டிக்கு முக்கால் மணி நேரம். முதல் நாள் மாலையிலேயே முடித்துப் பிளாஸ்டிக் தாளால் விளிம்பு வரை மூடி வையுங்கள். பொருள்களை எண்ணி எடுத்த பிறகு கலையுங்கள். முதல் நாளின் மணி ஒன்று தவறான அடுக்கில் தங்கிவிட்டால் மறுநாள் குழு சரியாகப் பதிவுசெய்தும் தவறான விடைக்குப் போய்விடும்.